உப்புப் படாத பனி

கதைப்பதற்காகத்தான் என்னை மொன்றியலுக்குக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர் யோசேப்பு அத்தான், என் அக்காவின் கணவர். விமான ரிக்கெற்றும் அவர்தான் அனுப்பினார். "கொக்காவுக்கு விசர் பிடிச்சிருக்கு மச்சான். என்ரை சொல்லுக் கேக்கிறாள் இல்லை. நீ ஒருக்கா வந்து கதை" என்று போனில் சொன்னார்.

நான் மன்னாரில் உப்பளத்தில் வேலை செய்கிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரு நாளைக்கு இருபது சொல் பேசினால் எனக்கு அது அதிகம். அத்தானுக்கும் இது தெரியும். ஆனாலும் என்னைக் கூப்பிட்டார். அக்காவுக்கு வேறு சகோதரம் இல்லை.

அக்காவின் பெயர் றெஜினா. வயது ஐம்பத்து நாலு. இருபது வருடம் ஒரு ஹோட்டலின் நிலக்கீழ் அறையில் துணி மடித்தாள். பிறகு மூன்று வருடமாக ஒரு கார்டெரியில் வேலை. தாய் தகப்பன் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்தை இங்கே அப்படிச் சொல்கிறார்கள். அதுவும் நிலக்கீழ். இப்போது அவளுக்குக் காட்டுக்குள் நடக்கும் ஒரு கார்டெரிக்குப் போக ஆசை. அங்கே பிள்ளைகள் மழையென்றாலும் பனியென்றாலும் வெளியில்தான். அந்த வேலைக்கு ஒரு சோதனை இருக்கிறது. பனியில் ஒரு வீடு கட்ட வேண்டும். பனி அள்ளும் சவள் கூடாது. வாள் கூடாது. வண்டி பனியில் அகப்பட்டால் அதற்குள் என்ன கிடக்குமோ, அதை வைத்துத்தான் கட்ட வேண்டும்.

சோதனையை இரண்டு தரம் எழுதலாம். போன வருடம் அக்கா கட்டிய வீடு அவள் மேலேயே விழுந்துவிட்டது. மிச்சம் ஒரு தரம். அது நான் போய் இறங்கிய கிழமையின் சனிக்கிழமை. அதற்கு முன் அவளைக் கதைத்து நிற்பாட்ட வேண்டும். அதுதான் என் வேலை.

விமான நிலையத்துக்கு வெளியே வந்ததும் மூக்குக்குள் இருந்த ஈரம் உறைந்தது. வலிக்கவில்லை. உள்ளே யாரோ தும்பு வைத்தது போல இருந்தது. அத்தான் தன்னுடைய பழைய ஜக்கெற் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதற்குள் என்னோடு இன்னோர் ஆளும் நிற்கலாம்.

வழி முழுக்க வெள்ளை. எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. உப்பளமும் வெள்ளைதான். மத்தியானத்தில் கண்ணைத் திறக்க முடியாது. வாரிய உப்பும் இப்படித்தான் வரிசையாகக் குவிந்து நிற்கும். ஒரே வித்தியாசம், இங்கே வேர்க்கவில்லை.

"உப்பளம் மாதிரிக் கிடக்கு" என்றேன்.

"நீயும் தொடங்கிட்டியோ?" என்றார் அத்தான். "கொக்காவும் உதைத்தான் சொல்லுறவள்." பிறகு வீடு வரும் வரைக்கும் அவர் கதைக்கவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

வீடு கார்ட்டியர்வில் பக்கம். முன்னால் ஒரு சின்ன முற்றம். அதன் ஓரமாக அத்தானின் வான் வண்டி நிற்கும் பாதை. அத்தான் இறங்கிய கையோடு ஒரு வாளியைத் தூக்கினார். படியிலும் பாதையிலும் கையால் அள்ளி எறிந்தார், கோழிக்குத் தீன் போடுவது போல. ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன். உப்பு. கொஞ்சம் கசப்பு உப்பு. பனி உருகட்டும், ஆட்கள் வழுக்கி விழக் கூடாது என்று இந்த ஊரில் தெருவெல்லாம் உப்புப் போடுகிறார்கள். நாங்கள் முதுகு நோக வாருகிற சாமானை இங்கே சப்பாத்தால் மிதிக்கிறார்கள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா கதவைத் திறந்தாள். பதினாறு வருடத்துக்குப் பிறகு என்னைப் பார்க்கிறாள். "தம்பி, றோட்டு உப்பைத் தின்னாதை. உள்ளுக்கு வா. புட்டு ஆறுது" என்றாள்.

புட்டும் மீன் குழம்பும். மீன் ஐஸில் இருந்த மீன். குழம்பு எங்கள் குழம்புதான்.

அடுத்த நாள் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டார்கள். அக்கா பால் வாங்கி வைக்கச் சொல்லியிருந்தாள். மூலைக் கடையை இங்கே டெப்பனர் என்பார்கள். அது பூட்டியிருந்தது. அந்த நேரம் பஸ் ஒன்று வந்தது. இரண்டு தரிப்புத் தள்ளி இன்னொரு கடை இருக்கிறது என்று அக்கா சொன்னது ஞாபகம் வந்து ஏறிவிட்டேன்.

இறங்க வேண்டிய இடத்தில் பின்கதவுக்கு முன்னால் போய் நின்றேன். கதவு திறக்கவில்லை. ஊரில் என்றால் கதவு திறந்தேதான் கிடக்கும், கொண்டக்டர் நின்று கத்துவார். இங்கே கத்த ஆள் இல்லை. நான் நின்றேன், கதவும் நின்றது, பஸ் போய்விட்டது. அடுத்த தரிப்பிலும் அப்படியே. அதற்கு அடுத்ததில் ஒரு ஆபிரிக்கப் பெரியவர் என் தோளுக்கு மேலால் கையை நீட்டிக் கதவைத் தொட்டார். திறந்தது. அவர் இறங்கினார். எனக்கு விஷயம் விளங்குவதற்குள் கதவு பூட்டிக்கொண்டது.

கடைசித் தரிப்பில் சாரதி திரும்பிப் பார்த்து ஏதோ கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சுச் சொல் மெர்சி. அதைச் சொன்னேன். அவர் இன்னொன்று கேட்டார். அதற்கும் மெர்சி சொன்னேன். அவர் சிரித்துவிட்டுத் தன் பெட்டியில் இருந்த தோடம்பழத்தில் பாதியைத் தந்தார். திரும்பி வரும்போது ஏறின இடத்தில் பஸ்ஸை நிறுத்தி, எழுந்து வந்து, என் கையைப் பிடித்துக் கதவில் வைத்துத் தள்ளினார். நான் இறங்கினேன். பஸ்ஸில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். பால் வாங்கவில்லை.

செவ்வாயிலிருந்து அக்காவுக்கு லீவு. அன்று பின்னேரம் அவள் றொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அத்தான் எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டு மற்ற அறைக்குப் போய் ரீவியைப் பெரிதாகப் போட்டார். இதுதான் நேரம் என்று எனக்கு விளங்கியது.

"அக்கா" என்றேன்.

"ஓம்."

"குளிர்."

"ஓம்."

"முழங்கால்?"

"ரெண்டும் இருக்கு." கல்லில் இருந்த றொட்டியைத் திருப்பினாள். "அவர் உன்னை ஏன் கூப்பிட்டவர் எண்டு எனக்குத் தெரியும் தம்பி. நீ வாயைத் திறந்து களைக்காதை, நான் சொல்லுறன். இருபது வரியம் ஜன்னல் இல்லாத அறையிலை துணி மடிச்சனான். வெளியாலை மழையோ வெயிலோ எண்டு, வேலைக்கு வாற ஆக்களின்ரை சப்பாத்தைப் பாத்துத்தான் அறியிறது. இப்பவும் நிலக்கீழ்தான். எனக்கு வெளியாலை நிக்கோணும். அவ்வளவுதான். இப்ப நீ சொல்லு. என்ன கதைக்க வந்தனீ?"

யோசித்துப் பார்த்தேன். "ஒண்டுமில்லை" என்றேன்.

அத்தான் வந்து என் முகத்தைப் பார்த்தார். றொட்டி நல்லாயிருக்கு என்று சொன்னேன்.

புதன்கிழமை விபூதிப் புதன், தவக்காலம் தொடங்கும் நாள். காலையில் கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தோம். வந்ததும் அக்காவுக்குப் போன். சோதனைக்கு உதவிக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாம். அக்காவோடு வேலை செய்யும் ஹெயிற்றிக்காரப் பெண் ஒருத்தி வருவதாக இருந்தது. அவளுக்குக் காய்ச்சலாம். அக்கா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். கிணற்றடிக்குத் தண்ணீர் அள்ளப் போகச் சொல்லும் பார்வை.

உதவி ஆள் பாடம் படித்தவராக இருக்கக் கூடாது. யோசனையும் சொல்லக் கூடாது. சோதனை எழுதுகிறவர் சொல்ல வேண்டும், மற்றவர் செய்ய வேண்டும். வாயைத் திறந்தால் புள்ளி போய்விடும். இப்படி ஒரு வேலை எனக்காகவே இருந்திருக்கிறது.

மத்தியானம் முற்றத்தில் பழகிப் பார்த்தோம். வாசலில் நல்ல சவள் ஒன்று சாத்திக் கிடந்தது. அக்கா அதைத் தொட விடவில்லை. பேக்கரித் தட்டு ஒன்று, சோற்றுப் பானையின் மூடி, ஒரு சுளகு. இவ்வளவும்தான். வான் பாதையில் அத்தான் வழித்து ஒதுக்கிய பனி ஓரமாகக் கிடந்தது. அதை அள்ளி ஆளுயரத்துக்குக் குவித்தோம். மூடியால் தட்டித் தட்டி இறுக்கினோம். கொஞ்ச நேரம் விட்டால் குவியல் தானாக இறுகும், பிறகு உள்ளால் குடைந்தால் வீடு என்றாள். உப்பும் அப்படித்தான். குவித்துவிட்டு நாலு நாள் பாராமல் விட்டால் பாரை போட்டுத்தான் உடைக்க வேண்டும்.

ஒன்றரை மணித்தியாலம் விட்டுக் குடைந்தோம். உள்ளே நான் போனேன். இடுப்பு வரைக்கும் போயிருப்பேன். கூரை இறங்கிவிட்டது. சத்தமே இல்லை. நனைந்த மெத்தை ஒன்றை மேலே போட்டது போல இருந்தது. அக்கா காலைப் பிடித்து இழுத்தாள். வெளியே நாயோடு போன ஒரு கிழவர் நின்று ஏதோ சொன்னார். அக்கா சிரித்தாள். "தன்ரை நாய்க்கும் ஒண்டு கட்டித் தரச் சொல்லுறார். ஆனால் நாய் உள்ளுக்குப் போகாதாம்."

வாய் முழுக்கப் பனி. துப்பப் போனவன் நிறுத்தினேன்.

"அக்கா, உப்பு" என்றேன்.

அவளும் ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தாள். குவியல் முழுவதும் அத்தானின் உப்பு. காலையும் மாலையும் பாதையில் எறிந்த உப்பெல்லாம் வழித்த பனியோடு ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. உப்புப் பட்ட பனி இறுகாது. உள்ளே ஈரித்துக்கொண்டே இருக்கும். முப்பது வருடம் உப்பளத்தில் நின்றவன் உப்புக்குள் புதைந்தது மொன்றியலில்தான்.

அந்த நேரம் பார்த்து அத்தான் வேலையால் வந்து இறங்கினார். வழக்கம் போல நேரே வாளிக்குப் போனார். அக்கா வாளியைப் பார்த்தாள். என் நெற்றியில் இருந்த சாம்பல் கரைந்து மூக்கில் வழிந்திருந்தது. அவர் இரண்டு பேரையும் பார்த்தார். "வழுக்கி விழுந்தால் ஆர் தூக்கிறது?" என்றார். ஒருவரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் அக்கா சொல்லிவிட்டாள், சனிக்கிழமை தம்பிதான் உதவிக்கு என்று. அத்தான் என் பக்கம் திரும்பினார். "மச்சான், நான் உன்னைக் கதைக்கக் கூப்பிட்டனான். கட்டக் கூப்பிடேல்லை."

நான் சோற்றைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை எனக்கு நல்ல சப்பாத்து வாங்க வேண்டும் என்று அத்தான் வில்லரே பக்கம் கூட்டிக்கொண்டு போனார். வானை நிறுத்த இடம் தேடுவதை விட மெட்ரோ சுகம் என்றார். மெட்ரோ நிலையத்துக் கதவு லேசில் திறக்காது. உள்ளே இருந்து காற்றுத் தள்ளுகிறது. இந்த ஊரில் கதவுகளோடு எனக்கு ராசி இல்லை. அத்தானும் நானும் சேர்ந்து தோளைக் கொடுத்தோம். ஒரு பெண் தள்ளுவண்டியில் பிள்ளையோடு வந்து, பக்கத்துக் கதவை ஒரு கையால் திறந்துகொண்டு போனாள்.

சப்பாத்து வாங்கியபின் ஒரு சின்னக் கடையில் பூட்டீன் வாங்கித் தந்தார். உருளைக்கிழங்குப் பொரியலுக்கு மேல் இறைச்சிக் குழம்பு ஊற்றி, சீஸ் கட்டிகளைப் போட்டுத் தருவார்கள். பார்த்தால் யாரோ கைதவறிக் கொட்டியது போல இருக்கும். சாப்பிட்டால் விட முடியாது. அவர் தொடவில்லை. தவக்காலத்தில் இறைச்சி தொடமாட்டாராம். எனக்கும் அப்போதுதான் நினைவு வந்தது. பாதியில் வைத்துவிட்டேன். "பயணத்திலை பாவமில்லை, தின்" என்றார். தின்றேன்.

அங்கே வைத்துத்தான் போன வருடக் கதையைச் சொன்னார். போன வருடம் உதவிக்குப் போனது அவர். குவித்து முடித்துக் காத்திருக்கும் நேரத்தில் அக்காவின் உதடு நீலமாகிவிட்டது. "பாத்துக்கொண்டு நிக்கேலாமல் போச்சு மச்சான். கெதியா முடிச்சுப்போட்டு வீட்டை கூட்டிக்கொண்டு போவம் எண்டு நான் தோண்டத் தொடங்கிட்டன். அவள் பொறுங்கோ எண்டு கத்தினவள். நான் கேக்கேல்லை." கூரை விழுந்தபோது உள்ளே குடைந்துகொண்டிருந்தது அக்கா. தலை மட்டும் வெளியே. அவர் கையால் பனியைக் கிண்டி எடுத்திருக்கிறார். "அதுக்குப் பிறகு இந்தப் பேச்சே வேண்டாம் எண்டிட்டன். அவள் நினைக்கிறாள், பெண்சாதி பனிக்கை நிக்கிறது எனக்குக் கோயில் ஆக்களுக்கு முன்னாலை வெட்கம் எண்டு."

அதை அக்காவிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். அவர் கடதாசியால் மேசையைத் துடைத்தார். கதைக்காத ஆள் நான் மட்டும் இல்லை என்று தெரிந்தது.

வெள்ளிக்கிழமை அக்கா வானை வெறுமையாக்கினாள். கோயில் சமையல் சாமான் எல்லாம் எந்த நேரமும் அதற்குள்தான் கிடக்கும். அத்தான்தான் ஏற்றி இறக்குகிறவர். தாச்சி என்று நாங்கள் சொல்லும் பெரிய இரும்புச் சட்டி, வாளி அகலத்தில் இரண்டு அலுமினிய மூடி, கைநீள அகப்பை. நல்ல சாமான்கள். எல்லாவற்றையும் இறக்கிக் கராஜில் வைத்தாள். "சோதனைக்கெண்டு கொண்டுவந்த மாதிரி இருக்கும் தம்பி. எனக்குக் கள்ளம் வேண்டாம்" என்றாள். வானில் மிஞ்சியது கண்ணாடி துடைக்கும் பிரஷ், கால்மிதி நாலு, ஒரு போர்வை. கால்மிதி ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை மைனஸ் ஒன்பது. நல்ல வெயில். அத்தான் ஓட்டினார். சாரதி மட்டும்தான், இறங்கமாட்டேன் என்று முதலே சொல்லிவிட்டார். மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கம் ஒரு காட்டு ஓரம். எங்களோடு மூன்று சோடி. இரண்டு இளம் பெடியன்கள், ஒரு தாயும் மகளும், நாங்கள்.

சோதனை எடுக்கிறவர் உயரமான ஒரு அம்மா. அறுபது வயது தாண்டியிருக்கும். சிவப்புக் கம்பளித் தொப்பி. ஒவ்வொரு வண்டியாகப் பின்கதவைத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் வானைத் திறந்தார். தாச்சி இருந்தது. இரண்டு மூடியும் இருந்தன. அகப்பையும் இருந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன், நான் இல்லை என்று. இரண்டு பேரும் அத்தானைப் பார்த்தோம். அவர் சாரதி இருக்கையில் இருந்தபடி முன்கண்ணாடிக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்குக் கோயிலிலை சமையல். கொண்டுபோகத்தானே வேணும்" என்றார்.

அக்கா ஒளிக்கவில்லை. இது எப்போதும் வானில் கிடக்கும் சாமான், நேற்று நான் இறக்கினேன், யாரோ திரும்ப ஏற்றிவிட்டார்கள் என்று அந்த அம்மாவிடம் பிரெஞ்சில் சொன்னாள். அம்மா தாச்சியைத் தூக்கிப் பாரம் பார்த்தார். அவர் சொன்னதை அக்கா பிறகு எனக்குச் சொன்னாள். கோல்ப் மட்டையோடு வந்தவர்களைக் கண்டிருக்கிறேன், பிள்ளையைக் குளிக்க வார்க்கும் தொட்டியோடு வந்தவர்களைக் கண்டிருக்கிறேன், இப்படி ஒன்றைக் காணவில்லை. எப்போதும் கிடக்கிறது என்றால் எடுங்கள்.

வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் மெஷின் வழித்து ஒதுக்கிய பெரிய பனிக்குவியல் ஒன்று இருந்தது. குவிக்கிற வேலை மிச்சம். மற்ற இரண்டு சோடியும் நேரே அதற்குப் போனார்கள். அக்காவும் போனாள். நான் பின்னால் போனேன். பழக்கதோசத்தில் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டேன்.

வாயைத் திறக்கக் கூடாது. அக்காவைப் பார்த்தேன். என் வாய் அசைவதை அவள் பார்த்தாள். குனிந்து தானும் ஒரு கிள்ளு எடுத்தாள். துப்பினாள்.

"நட" என்றாள்.

மரங்களைத் தாண்டி நூறு அடி தள்ளி வெறும் வயல். கால் படாத பனி. அதையும் நாக்கில் வைத்துப் பார்த்தாள். "இஞ்சை" என்றாள்.

பிறகு வேலைதான். நான் தாச்சியால் வெட்டி அள்ளினேன். அடி வளைந்த சட்டி, பனியில் தானாக இறங்கியது. போர்வையை விரித்து அதில் கொட்டினேன். அக்கா நாலு மூலையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குவித்தாள். உப்பு பாரம், ஆனால் போட்ட இடத்தில் நிற்கும். பனி லேசு, ஆனால் வழிந்து ஓடும். இரண்டுக்கும் ஒரே முதுகுதான் வேண்டும். ஒரு மணித்தியாலத்தில் ஜக்கெற்றைக் கழற்றினேன். அங்கே எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

குவியல் ஆளுயரம் வந்தபோது நேரம் பத்தே முக்கால். ஒன்பதுக்குத் தொடங்கியது, ஒரு மணிக்கு எல்லாம் முடிய வேண்டும். அந்தப் பக்கத்தில் பெடியன்கள் ஏற்கனவே குடைந்துகொண்டிருந்தார்கள். அக்கா ஒரு சாணும் நாலு விரலும் நீளத்துக்குக் குச்சிகளை முறித்துக் குவியலைச் சுற்றிக் குத்தினாள். உள்ளால் குடையும்போது குச்சியின் நுனி தெரிந்தால் நிறுத்த வேண்டும், சுவர் அவ்வளவுதான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நானும் நின்றேன். வேலை செய்யும்போது குளிர் தெரியவில்லை. நிற்கும்போது அது எலும்பைத் தேடி வந்தது.

இறங்கமாட்டேன் என்ற அத்தான் இறங்கி வந்தார். கையில் தேத்தண்ணி போத்தல். அக்காவுக்கு ஊற்றிக் கொடுத்தார். அவள் குடிக்கும்போது அவளுடைய வாயையே பார்த்தார்.

"றெஜி, நேரம் போகுது."

"பொறுங்கோ."

"உதடு நீலமாகுது."

"உதடு என்ரை. பொறுங்கோ."

தாச்சி அவருடைய காலடியில் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். குவியலைப் பார்த்தார். எனக்குப் போன வருடக் கதை தெரியும். அவர் குனிந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் இரண்டு கையையும் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். அப்படியே நின்றார். அந்த ஒரு மணித்தியாலத்தில் எங்கள் மூன்று பேரிலும் கஷ்டமான வேலை செய்தது அவர்தான்.

இடையிடையே அக்கா மூடியால் குவியலைத் தட்டினாள். முதலில் பொத்தென்று கேட்டது. தட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மரத்தைப் பார்த்தேன். மூன்றாம் தரம் தட்டியபோது சத்தம் மாறியிருந்தது. நான் மரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சரி" என்றாள் அவளாக.

ஒரு ஆள் தவழ்ந்து போகிற ஓட்டைதான் வாசல். நான் உள்ளே போய் அகப்பையாலும் மூடியாலும் குடைந்தேன். அவள் வெளியே இழுத்தாள். குச்சி நுனி கண்டால் நிறுத்தினேன். உள்ளே நீல வெளிச்சம். வெளியே நடக்கும் சத்தம் ஒன்றும் கேட்காது. ஆனால் "ஆ" என்று ஒரு சத்தம் கேட்டது. வெளியே தலையை நீட்டினேன். பெடியன்களின் வீடு நனைந்த சாக்குப் போல அமுங்கிவிட்டது. நல்ல காலம், உள்ளே ஆள் இல்லை. அவர்கள் அதன் மேலேயே விழுந்து கிடந்து சிரித்தார்கள். தாயும் மகளும் கட்டியது ஒரு பக்கம் சரிந்தாலும் நின்றது.

பன்னிரண்டு இருபதுக்கு நாங்கள் முடித்தோம். அக்கா கூரையில் விரலால் ஒரு மூச்சு ஓட்டை விட்டாள். சிவப்புத் தொப்பி அம்மா வந்தார். தவழ்ந்து உள்ளே போய்ப் பார்த்தார். பிறகு மேலே ஏறினார். இரண்டு காலையும் வைத்து நின்றார். ஒருதரம் காலை ஊன்றி மிதித்தார். ஒன்றும் இல்லை. கடதாசியில் ஏதோ எழுதினார்.

இன்னும் ஒன்று மிச்சம். அரை மணித்தியாலம் இரண்டு பேர் உள்ளே இருக்க வேண்டும். அக்கா முதலில் போனாள். அடுத்தது நான். குனிந்தவன் நிமிர்ந்தேன். மொன்றியலுக்கு வந்து ஏழு நாள். கதைக்க வந்தவன். ஒன்று சொல்லலாம் என்று பட்டது.

"அத்தான், நீங்கள் போங்கோ" என்றேன்.

"நானோ?"

"எனக்கு உள்ளுக்கு இருந்து அலுத்துப்போச்சு."

அவர் அந்த ஓட்டையைப் பார்த்தார். உள்ளே இருந்து அக்காவின் கை வெளியே வந்தது. கையுறை இல்லை. அவர் அந்த அம்மாவைப் பார்த்தார். அம்மா தோளைக் குலுக்கினார், இரண்டு பேர் என்றால் சரி என்பது போல. அத்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் தந்தார். படுத்துத் தவழ்ந்தார். இடுப்பில் இறுகிக்கொண்டது. பின்னால் நின்று தள்ளினேன். பஸ் கதவில் படித்தது உதவியது.

வெளியே அந்த அம்மா சின்ன அடுப்பில் மேப்பிள் மரச் சாற்றுப் பாணியைக் காய்ச்சி, பனியில் ஊற்றி, குச்சியில் சுற்றி எனக்கு ஒன்று தந்தார். வாயில் வைக்க முதல் அவர் ஊற்றிய பனியில் ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். நல்ல பனி. அவர் வண்டிகள் நின்ற பக்கம் கையைக் காட்டி, இல்லை, அங்கே எடுக்கவில்லை என்பது போலத் தலையை ஆட்டிச் சிரித்தார். மெர்சி என்றேன். எங்கள் ஊர்ப் பனங்கட்டிப் பாணிக்குக் கிட்ட நிற்கும் ருசி. இன்னொன்று கேட்டு வாங்கினேன்.

உள்ளே கதைக்கும் சத்தம் மூச்சு ஓட்டையால் வந்தது. சொல் விளங்கவில்லை. அத்தான்தான் நெடுநேரம் கதைத்தார். நான் தள்ளிப் போய் நின்றேன். பிறகு அக்கா சிரித்தாள். பிறகு இரண்டு பேரும்.

அத்தான் வெளியே வந்தபோது கண்ணாடி இல்லாமல் யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் "உள்ளுக்குச் சூடாய்க் கிடக்கு" என்றார். திரும்பவும் சொன்னார். அந்த அம்மா கடதாசியில் கையெழுத்து வைத்து அக்காவிடம் கொடுத்தார். அக்கா இரண்டு தரம் வாசித்தாள். மடித்து ஜக்கெற்றின் உள்பைக்குள் வைத்து, மேலால் கையை வைத்துக்கொண்டாள். வான் வீட்டு வாசலுக்கு வரும் வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மண்டபத்தில் கஞ்சி தந்தார்கள். தவக்காலத்தில் கஞ்சி மட்டும்தான். தவக்காலம் முடியும் வரைக்கும் கோயிலில் வேறு சமையல் இல்லை, தாச்சிக்கு வேலை இல்லை. மன்னாரிலும் அப்படித்தான். சனிக்கிழமை அத்தான் சொன்னது எனக்கு அப்போதுதான் மண்டைக்குள் ஏறியது. குளிர் காரணமாக இருக்கலாம். அக்காவின் காதில் சொன்னேன்.

"எனக்கு வானடியிலேயே தெரியும்" என்றாள். "கஞ்சியைக் குடி."

நான் ஊருக்கு வெளிக்கிட்ட நாள் காலை திரும்பவும் பனி கொட்டியிருந்தது. அக்கா புது வேலைக்கு முதல் நாள் போக உள்ளே சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அத்தான் வாளியோடு இறங்கினார். அக்காவிடம் கதைத்தாயா என்று அவர் என்னிடம் கடைசி வரைக்கும் கேட்கவில்லை. படியில் எறிந்தார். பாதையில் எறிந்தார். வான் வரைக்கும் எறிந்தார். முற்றத்து ஓரம் வந்ததும் நின்றார். கையில் ஒட்டியிருந்ததை வாளிக்குள்ளேயே தட்டினார். ஒரு கட்டி தவறி முற்றத்துப் பனியில் விழுந்துவிட்டது. குனிந்து அதைத் தேடி எடுத்தார்.

நான் பார்ப்பதைக் கண்டுவிட்டார்.

"அந்தப் பக்கம் அவளின்ரை" என்றார்.